முகம் வேண்டாத உத்தியோகம்

1

சென்ற மாதம் மரக்காணத்திலிருந்து ட்ரங்கால் வந்தது. பேசியவன் என் மைத்துனன் நசீர். நடுவில் இவ்வளவு கடல் கிடக்கிறதே என்ற கவலையில் அவன் எப்போதும் கத்தித்தான் பேசுவான்.

"மச்சான், அக்கா எந்த ப்ளேன்ல வர்றா? மீனம்பாக்கத்துக்கு நான் கார் சொல்லணுமா வேணாமா?"

"இன்னும் முடிவாகலடா."

"இன்னா மச்சான் முடிவாகல? டிக்கெட் கையில இருக்குதுன்னு அவதான எழுதுனா? இங்க ஒருத்தன் அங்கேந்து லீவுல வந்து, உங்க அக்கா அமெரிக்கால சர்க்கஸ்ல சேரப் போறா, கரடி வேஷம் கட்டப் போறான்னு கோட்டக்குப்பம் பூரா சொல்லிட்டான். கடையில உக்கார முடியல. நெசமா?"

"சர்க்கஸ் இல்ல."

"அப்ப கரடி?"

அதற்குள் லைன் அறுந்துவிட்டது. அறுந்த லைனுக்கு நன்றி சொன்னது என் வாழ்நாளில் அதுவே முதல் முறை.

நசீர் கேட்டது நியாயமான கேள்வி. அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி ஜைத்தூன், ஊருக்குத் திரும்புகிறாளா இல்லையா? அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. ஆனால் அது மூன்று நிமிட ட்ரங்காலில் அடங்காது என்பதால் நம் ஊர் ஆண்டு மலருக்கு எழுதி அனுப்புகிறேன். நசீர் இதைக் கடையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொள்ளலாம்.

2

என்னைத் தெரியாத இளம் வாசகர்களுக்காக: நான் உப்பு இலாகாவில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, மரக்காணம் உப்பளங்களிலேயே பெரும்பகுதி நடந்து தேய்ந்து, சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றவன். எந்த மனுவை எந்த மேஜையில் வைத்தால் எந்தத் தேதியில் எழுந்திருக்கும் என்று சொல்லத் தெரிந்தவன். என் ஒரே மகன் கரீம் ஃப்ளோரிடாவில் பொறியாளன். ஓய்வு பெற்ற கையோடு எங்கள் இருவரையும் வரவழைத்துக்கொண்டான்.

இங்கே குடியேறுகிறவர்களுக்குக் கொடுப்பதைப் பச்சை அட்டை என்கிறார்கள். அது பச்சையாக இல்லை. விசாரித்தேன். ஒரு காலத்தில் பச்சையாக இருந்ததாம். நிறம் போனாலும் பெயர் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. நம் அலுவலகங்களிலும் அப்படித்தான்.

பெயர் விஷயம்தான் குழப்பம். இங்கே ஒவ்வொருவருக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு இருக்க வேண்டும். அப்துல் ரவூஃப் என்ற என் பெயரின் பிற்பாதி எனக்குக் கடைசிப் பெயரானது. ஜைத்தூன் பீவிக்குப் பீவி கடைசிப் பெயரானது. கரீமின் இனிஷியலை விரித்ததில் அப்துல் என்பது அவனுக்குக் கடைசிப் பெயரானது. ஆக, ஒரே கூரையின் கீழ் ஒரே குழம்பைச் சாப்பிடும் நாங்கள் மூவரும் உறவில்லாதவர்கள் என்பதே இந்நாட்டுக் காகிதங்களின் அபிப்பிராயம். அலுவலகத்தில் ஒரு பெண் ஜைத்தூனைக் காட்டி, "இவர் உங்களுக்கு என்ன ஆகிறார்?" என்று கேட்டாள். சொன்னேன். "நிரூபிக்க முடியுமா?" என்றாள். நிக்காஹ் ஓலையின் ஆங்கில மொழிபெயர்ப்பு, நோட்டரி முத்திரையோடு, பையில் தயாராக இருந்தது. அவள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நான் ரசித்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது. காலையில் கரீமும் மருமகள் ரெஹானாவும் வேலைக்குப் போன பிறகு நான் நூலகத்துக்கு நடப்பேன். வருமான வரிக் கையேடு, நகராட்சிக் குப்பை விதிகள், மீன்பிடி உரிமம் பெறும் முறை என்று கைக்கு அகப்பட்டதைப் படிப்பேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எந்த ரயில் என்று அக்கறையாகக் கேட்டார். அப்படிப்பட்ட சின்ன இடறல்கள்கூட எனக்குப் பொழுதுபோக்குத்தான்.

ஜைத்தூனுக்கு அப்படி இல்லை. அவளுக்கு ஆங்கிலம் இல்லை. தெருவில் மனிதர் நடமாட்டம் இல்லை. ஜன்னலில் நின்று பார்த்தால் கார்கள் தாமாகவே போய்த் தாமாகவே வருகிற மாதிரி இருக்கும். கரீம் எங்களோடு தமிழில்தான் பேசுகிறான். ஆனால் அவன் யோசிப்பது ஆங்கிலத்தில் என்பது, பதில் வர ஆகும் நேரத்தில் தெரிந்துவிடும். அவளுடைய வேடிக்கைப் பேச்சுகளுக்கு அவன் சிரிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்: "அடுத்த மாசம் ரிடர்ன் டிக்கெட்டுக்கு கடைசித் தேதி வருதாம். நான் ஊருக்குப் போறேன்."

"ஏம்மா? இங்க என்ன குறை?" என்றான் கரீம்.

"ஒரு குறையும் இல்லப்பா. ஒரு வேலையும் இல்ல."

"அம்மா, நீங்க ரிடயர்ட்."

"நான் எந்த ஆபீஸ்லடா ரிடயர்ட் ஆனேன்? ஒங்க அத்தா ரிடயர்ட் ஆனாரு. அவரு வேணும்னா இங்கயே இருக்கட்டும், புஸ்தகம் படிச்சிக்கினு."

முப்பது வருடத் தாம்பத்தியத்தை அவள் ஊறுகாய் பரிமாறுகிற தொனியில் இரண்டு கண்டங்களாகப் பிரித்துவிட்டாள். எனக்கு ஊருக்குப் போக மனமில்லை. அவள் இல்லாமல் இங்கே இருப்பது எப்படி என்பதற்கு எந்தக் கையேட்டிலும் வழிமுறை இல்லை.

3

ஜைத்தூனுக்கு மரக்காணத்தில் என்ன வேலை இருந்தது என்று கேட்பீர்கள். கல்யாண வீடுகளுக்குப் போவதுதான் வேலை. நம் பக்கத்துப் பந்தல் உங்களுக்குத் தெரியும். நடுவில் வெள்ளைத் துணி கட்டி, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். இந்தப் பக்கம் நாங்கள் ஒருவரையொருவர் விசாரித்துவிட்டு, பிரியாணி எப்போது என்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் பக்கம், "ஜைத்தூன் வந்தாச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். சிறிது நேரத்தில் சிரிப்பு கிளம்பும். சாதாரணச் சிரிப்பு இல்லை. துணி அசையும்படியான சிரிப்பு. "போதும்டி, வயிறு நோவுது" என்று யாராவது கெஞ்சுவார்கள்.

வீடு திரும்பும்போது கேட்பேன்: "என்ன அப்படி ஒரு சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா."

முப்பது வருடமாக இந்தக் கேள்விக்கு இந்தப் பதில்தான். எந்தக் கோப்பையும் என்னிடம் யாரும் இவ்வளவு காலம் மறைத்ததில்லை.

4

நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. நம் ஊர்ப் பொருட்காட்சியை நூறு மடங்கு பெரிதாக்கி, தினமும் கழுவித் துடைத்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. வந்த புதிதில் கரீம் எங்களை அழைத்துப் போனான். ராட்டினம், ரயில், படகு எதையும் ஜைத்தூன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆள் உயர மிருக வேஷம் ஒன்று குழந்தைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் எதிரே நின்றவள் நின்றவள்தான்.

"உள்ள ஆளு இருக்குதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இருக்கு."

"வாயே தொறக்கலியே?"

"பேசக் கூடாதாம். விதி."

"ஓ. அப்ப இதுக்கு இங்கிலீஷ் வேணாமா?"

அன்றைக்கு நான் அதைப் பொது அறிவுக் கேள்வி என்று நினைத்தேன்.

அவள் ஊருக்குப் போகிறேன் என்று சொன்ன அந்த வாரம், அந்தப் பூங்காவில் வேஷக்காரர்களுக்குத் திறந்த தேர்வு என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. பார்த்துச் சொன்னவள் ரெஹானா. வயது வரம்பு இல்லை, முன் அனுபவம் தேவையில்லை, ஆனால் குறிப்பிட்ட உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஜைத்தூன் ஐந்தடிக்குக் கீழே. அவளுடைய உயரம் எதற்காவது தகுதியாகும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"மாமி சும்மா போய்ட்டு வரட்டும் மாமா," என்றாள் ரெஹானா. "அவர்கிட்ட இப்ப சொல்ல வேணாம். நான் கார்ல கொண்டு விடறேன்."

"எடுத்துட்டாங்கன்னா?" என்றேன் ஜைத்தூனிடம்.

"எடுக்கறாங்களான்னு பாக்கணும் எனக்கு. அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். தனித்திறமைகள் என்று ஓர் இடம் இருந்தது. சான்றிதழ் இல்லாத எதையும் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. "இல்லை" என்று எழுதினேன்.

"அதுல இன்னா எழுதுனீங்க?"

"ஒண்ணுமில்லன்னு எழுதினேன்."

"ம்," என்றாள்.

5

தேர்வுக்கு வந்தவர்கள் எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். வரிசை கட்டடத்தைச் சுற்றி நின்றது. நடனப் பள்ளிப் பெண்கள் சுவரில் காலைத் தூக்கி வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜைத்தூன், புடவை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, ரெஹானாவின் கான்வாஸ் ஷூவில். அவளுக்குப் பின்னால் நான், அனைத்துச் சான்றுகளின் நகல்களோடு. ஊரிலிருந்து கிளம்பும்போதே கெஜட்டட் அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெண் அந்த நகல்களை வாங்கி, பச்சை மையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அழகாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். அசலைக் கேட்கவே இல்லை.

அடுத்து ஒரு சிக்கல். விண்ணப்பதாரர்களைத் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை.

"நான் இவருடைய மொழிபெயர்ப்பாளன்," என்றேன்.

"மன்னிக்கவும். விண்ணப்பதாரர்கள் மட்டும்."

"விண்ணப்பதாரர் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும்?"

"விண்ணப்பம் நிரப்ப வேண்டும்."

விதி தெளிவாக இருந்தால் வழியும் தெளிவாகவே இருக்கும். விண்ணப்பம் நிரப்பினேன். என்னையும் சுவரோரம் நிறுத்தி அளந்தார்கள். பெரிய மிருகங்களுக்குக் குட்டை, சின்ன மிருகங்களுக்கு நெட்டை. கடைசியில் ஏதோ ஒரு நடுத்தர மிருகத்துக்குப் பொருந்துவேன் என்று சட்டையில் எண்ணைக் குத்தி உள்ளே விட்டார்கள். அரசாங்கத்தில் இருந்தபோதும் நான் நடுத்தரப் பிரிவுதான்.

ஜைத்தூன் என் நெஞ்சில் தொங்கிய எண்ணைப் பார்த்து, "நீங்களுமா?" என்றாள்.

"உனக்கு யார் சொல்லித் தருவது?"

"ஆடுவீங்களா?"

"விதிப்படி முயற்சி செய்வேன்."

6

உள்ளே சுவரெல்லாம் கண்ணாடி. கழுத்தில் விசில் மாட்டிய ஒரு பெண்மணிதான் தேர்வை நடத்தினார். அவருக்கு உதவியாக ஆறடிக்கு மேல் ஓர் இளைஞன். முதலில் நடனம். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எல்லாரும் இடப்பக்கம் திரும்பியபோது நான் வலப்பக்கம் திரும்பி ஒரு நடனப் பள்ளி மாணவியை அருகிலிருந்து சந்தித்தேன். ஜைத்தூன் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்துப் பார்த்து, அரைத் தாளம் தாமதமாகவேனும் சரியாகச் செய்தாள்.

பிறகு விசில் அம்மையார் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "வேஷத்தின் முகம் அசையாது. எப்போதும் ஒரே சிரிப்புத்தான். உங்கள் சந்தோஷம், வெட்கம், பயம் எல்லாம் தோளிலும் கையிலும் நடையிலும் தெரிய வேண்டும். வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். மயங்கி விழாமலிருக்க உப்பு மாத்திரை கொடுப்போம்."

மொழிபெயர்த்தேன். "உப்பா? எனக்கா?" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் சோதனை, வரவேற்பது. அந்த இளைஞன் பூங்காவுக்கு வந்த விருந்தாளி, நாம் மிருகம். ஒவ்வொருவராகப் போக, அவன் கைகளை விரித்துக்கொண்டு வருவான். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள், துள்ளினார்கள், அவன் முதுகில் தட்டினார்கள்.

ஜைத்தூன் முறை வந்தது. அவன் கைகளை அகல விரித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவள் ஓர் அடி பின்வாங்கினாள். அவன் இன்னும் ஓர் அடி வந்தான். அவள் சட்டென்று தோளைத் திருப்பி, முந்தானை நுனியை முகத்துக்குக் குறுக்கே இழுத்து, அதன் ஓரத்திலிருந்து ஒரு கண்ணால் அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு விரல் ஆடியது. அவன் அசந்து நின்றான். நின்றுவிட்டானே, பாவம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதே விரல் போய்வா என்பதுபோல் செல்லமாக ஆடியது.

கூடம் முழுவதும் கைதட்டல். விசில் அம்மையார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அவள் நடிக்கவில்லை என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்நிய ஆடவன் ஒருவன் கட்டிப்பிடிக்க வந்தால் மரக்காணத்துப் பெண் என்ன செய்வாளோ அதைத்தான் அவள் செய்தாள். என்னிடம் திரும்பி வந்து, கண் கலங்க, "எல்லாரும் ஏன் சிரிக்கறாங்க? வாங்க போயிடலாம்" என்றாள்.

"பாராட்டுறாங்க, ஜைத்தூன்."

"எதுக்கு?"

விசில் அம்மையாரிடம் போய் உண்மையைச் சொன்னேன்: என் மனைவி அந்நிய ஆண்களைக் கட்டிக்கொள்ள மாட்டாள், அது நடிப்பல்ல, கொள்கை. தேர்வை ரத்து செய்தாலும் சரி. அவர் சிறிது யோசித்தார். "குழந்தைகளை?" என்று கேட்டார். ஜைத்தூனிடம் கேட்டேன்.

"புள்ளைங்க, பொம்பளைங்கன்னா கட்டிப்பேன். ஆம்பளைங்கன்னா இப்ப செஞ்ச மாதிரிதான்."

"அப்படியானால் அந்த மிருகம் ஆண்களிடம் கூச்சப்படும் மிருகம்," என்றார் அம்மையார். "அது நன்றாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள்."

அடுத்தது நடை. கண்ணும் மூக்கும் வரையாத, கூடை மாதிரியான ஒரு தலையை ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மனிதர்போல நடந்து காட்ட வேண்டும்.

"யாரு மாதிரி வேணா நடக்கலாமா?" என்று கேட்டாள்.

"யார் மாதிரி வேண்டுமானாலும்," என்றேன்.

அவள் தலையை மாட்டிக்கொண்டாள். பிறகு இடது கை முதுகுக்குப் பின்னால் போய் வலது மணிக்கட்டைப் பிடித்தது. முழங்கையில் இல்லாத ஒரு குடை தொங்கியது. உப்புத் தண்ணீரில் கால்சட்டை விளிம்பு நனையாதபடி பாதங்களைக் கொக்குபோல் தூக்கித் தூக்கி வைத்து, இல்லாத வரப்பின் மேல் நடந்தாள். இல்லாத உப்பு அம்பாரத்தின் முன் நின்றாள். ஷூ முனையால் அதை லேசாக எத்தினாள். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். வானத்தைப் பார்த்தாள். துப்பினாள். ரகம் போதாது என்று தலை ஒருபக்கமாக ஆடியது. காற்றில் நீளமாக ஏதோ எழுதினாள்.

அது நான்.

இதோடு முடியவில்லை. எழுதிக்கொண்டே நகர்ந்தவளின் கால் வரப்பில் வழுக்கியது. பாத்திக்குள் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று முதலில் கிழக்கே பார்த்தாள், பிறகு மேற்கே; ஒருவரும் இல்லை என்று உறுதியானதும் கால்சட்டையைத் தட்டிவிட்டு, பழைய கம்பீரத்தோடு நடையைத் தொடர்ந்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கழுவெளி ஏரிப் பக்கத்து உப்பளத்தில் ஒரு பகல் அப்படி விழுந்திருக்கிறேன். கிழக்கே பார்த்தேன், மேற்கே பார்த்தேன். ஒருவரும் இல்லை. இந்த உலகில் எனக்கும் படைத்தவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

உப்பளம் என்றால் என்னவென்றே அறியாத அந்தப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாடிகள் அதிர்ந்தன. வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து முப்பது வருடமாகக் கேட்ட சிரிப்பின் உட்பொருளை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு முறை செய்யச் சொல்வார்களா என்றுதான் இருந்தது.

அடுத்து என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த மனிதர் நடையை ஏற்கெனவே ஒருவர் நடந்துவிட்டதாகச் சொன்னேன். சரி, வேறொன்று தருகிறேன் என்றார் அம்மையார்: "உங்களுக்கு மிகவும் வேண்டிய ஒருவர் ரயிலில் புறப்பட்டுப் போகிறார். நீங்கள் நடைமேடையில் நிற்கிறீர்கள். காட்டுங்கள்."

தலையை மாட்டிக்கொண்டேன். நின்றேன். கையை ஆட்டினேன். என்னால் முடிந்த அளவு வருத்தமாகத்தான் ஆட்டினேன்.

"ஐயா," என்றார் அவர் மிகுந்த பணிவோடு, "நீங்கள் வருந்தவில்லை. அந்த ரயிலுக்கு அனுமதி வழங்குகிறீர்கள்."

7

மாலையில் எண்களை வாசித்தார்கள். ஜைத்தூனின் எண் இருந்தது. என்னுடையது இல்லை.

காரில் ரெஹானாவின் பின்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன்:

"இது எத்தனை நாளா நடக்குது?"

"எதுங்க?"

"என் நடை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கல்யாணம் ஆன மறு வருஷத்துலேந்து."

"நான் விழுந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்பாரத்துக்குப் பின்னால நின்னு அது மேல ஓலை மூடிக்கினு இருந்த பொம்பளைங்க பாத்தாங்களாம். அன்னிக்கு சாயங்காலமே வூட்டுக்கு வந்து சொல்லிட்டாங்க."

"யார் யார் பார்த்திருக்காங்க இந்த நாடகத்தை?"

"நம்ம ஊர்ல எல்லாரும்தான். அப்புறம் கோட்டக்குப்பம், முதலியார்சாவடி. பிரம்மதேசத்துல ஒரு கல்யாணத்துல கேட்டு வாங்கிப் பாத்தாங்க."

"பிரம்மதேசத்திலுமா?"

"அந்த நாக்குல வெக்கறதுக்குத்தாங்க ரொம்ப சிரிப்பாங்க."

முன்னால் ரெஹானாவின் தோள் குலுங்கிற்று. ஓட்டுவதில் கவனம் வை என்று சொன்னேன். பிரம்மதேசத்தில் எனக்குக் கிடைத்த தனி மரியாதையின் காரணம் வேறு என்று நினைத்திருந்தேன்.

8

கரீமிடம் சொன்னபோது அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"அம்மா, ப்ளீஸ். இங்க நம்ம ஆளுங்க எத்தன ஃபேமிலி இருக்காங்க? ஈதுக்கு வர்றவங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? கரீமோட அம்மா பொம்மை வேஷம் போடறாங்கன்னு..."

"யாரு சொல்லப் போறா?"

"தெரிஞ்சிடும்மா."

"தெரியாது. உள்ள இருக்கறது நான்தான்னு வெளிய சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களாம். ஒங்க அத்தா படிச்சிச் சொன்னாரு. ஊர்ல துப்பட்டி போத்திக்கினு போனாகூட, நடையப் பாத்து இன்னார் வூட்டுப் பொம்பளன்னு சொல்லிடுவாங்க. இதுல அதுவும் முடியாது. மெருகம் எப்படி நடக்கணுமோ அப்படித்தான் நடக்கணும். நகம்கூட வெளிய தெரியாது. இன்னாடா ஒனக்கு வெக்கம்?"

விதி அவ்வாறுதான் இருக்கிறது என்று நான் உறுதி செய்தேன். ஆகவே வாசகர்களும் நசீரும் மன்னிக்க வேண்டும். அது கரடியா இல்லையா என்று இங்கே எழுத எனக்கு அதிகாரம் இல்லை.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே," என்றான் கரீம் கடைசி முயற்சியாக.

"கேளு. ஆனா நான் எதுவா இருக்கேன்னு அவருகிட்டயும் சொல்லக் கூடாதுடா."

கரீமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறிப்போகாமல், உடனே வந்தது. அவன் போய்க் கேட்டான்; ஹஜ்ரத், உடம்பு முழுக்க மூடித்தானே இருக்கிறது, குழந்தைகளைச் சிரிக்க வைப்பதில் என்ன பாவம் என்று சொல்லிவிட்டாராம். அவர் எங்கே நின்று இதைச் சொன்னார், சொல்லும்போது சிரித்தாரா என்றெல்லாம் ஜைத்தூன் கரீமை விடாமல் கேட்டாள். ஹஜ்ரத்தும் எதிர்காலத்தில் எங்காவது நடந்து காட்டப்படுவார் என்று அஞ்சுகிறேன்.

9

ஆனாலும் அவள் போகிறாளா இருக்கிறாளா என்று சொல்லவில்லை. தேர்வானதே போதும் என்பதுபோல் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். நசீரின் பிள்ளைகளுக்குச் சட்டைகள் வாங்கி மடித்து வைத்தாள். நசீரின் ட்ரங்கால் வந்தது அப்போதுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கரீம் வெளியே கார் கழுவிக்கொண்டிருந்தான். மேஜைமேல் விமான டிக்கெட்டும் பூங்காவின் வேலை உத்தரவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஜைத்தூன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க இன்னா சொல்றீங்க?" என்றாள்.

கல்யாணமான நாள் முதல் நான் சொல்வதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். நான் என்ன சொல்கிறேன் என்று அவள் கேட்டது இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். டிக்கெட்டை ஒரு முறை தள்ளிப்போட விதி இடம் தருகிறது. அதற்கு விமானக் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வேலையில் சேர்வதானால் ஆளை நிரூபிக்க ஓர் ஆவணமும் வேலை செய்யும் உரிமையை நிரூபிக்க ஓர் ஆவணமும் தேவை. மாறாக, ஊருக்குப் போவதானால் இங்கே எத்தனை காலத்துக்குள் திரும்ப வேண்டும் என்பதற்கு...

"அதெல்லாம் தெரியும். நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

வாயைத் திறந்தேன். முப்பது வருட உத்தியோகத்தில் நான் எழுதாத வாக்கியம் இல்லை. ஆனால் இதற்கான வாக்கியம் எந்த மாதிரிப் படிவத்திலும் இல்லை. எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. டிக்கெட்டைக் கையில் எடுத்தேன், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் பாதி நுழைத்து, மறுபடி எடுத்து, அவள் பக்கம் நீட்டி, நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டேன். தோள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின. அப்படியே நின்றேன்.

அவள் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். அந்த விசில் அம்மையாரே அப்படிப் பார்த்ததில்லை.

"இத அன்னிக்கே செஞ்சு காட்டியிருந்தா உங்களையும் எடுத்திருப்பாங்க," என்றாள்.

பிறகு என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கி, தேதி இருந்த பக்கத்தை மேலே வைத்து, மறுபடி என்னிடமே கொடுத்தாள்.

"தள்ளிப்போட எழுதணும்னு சொன்னீங்களே. எழுதுங்க. நசீருக்கும் கார் வேணாம்னு சொல்லிடுங்க."